டோடோவுக்கு முன்னால் ஒரு கமா

மொரீஷியஸில் பள்ளிக்குப் போன எந்தப் பிள்ளையும் டோடோவைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாவது எழுதியிருக்கும். பறக்க முடியாத பறவை. இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இருந்ததில்லை. 1598-இல் டச்சுக்காரர்கள் வந்திறங்கி நூறு ஆண்டு ஆவதற்குள் அழிந்துபோனது. அதைக் கடைசியாகக் கண்ணால் பார்த்ததாகப் பரவலாக ஏற்கப்படும் ஆண்டு 1662. இதெல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் டோடோவை ஒரு எடுத்துக்காட்டாகக் கட்டுரைக்குள் கொண்டுவரும்போது நிறையப் பேர் இப்படி எழுதிவிடுகிறார்கள்:

‘பர்ட்ஸ், சச் அஸ் த டோடோ, பிகேம் எக்ஸ்டிங்ட்.’

இந்தக் கட்டுரை முழுக்க ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்தால் புரிந்துவிடும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் கண் மயங்காமல் கமாவை மட்டும் பார்ப்பதற்கும் அது வசதி.

மேலே உள்ள வாக்கியத்தில் எழுத்துப்பிழை இல்லை, வினைச்சொல் சரி, கமாவும் இரண்டு பக்கமும் ஒழுங்காக விழுந்திருக்கிறது. ஆனால் அது சொல்லும் சேதி என்ன? பறவைகள் அழிந்துவிட்டன என்கிறது. உலகத்துப் பறவைகள் எல்லாம். டோடோ அதில் ஒன்று, சும்மா பெயர் சொல்லிவைத்தேன் என்கிறது. இரண்டு கமாவையும் எடுத்துவிடுங்கள்:

‘பர்ட்ஸ் சச் அஸ் த டோடோ பிகேம் எக்ஸ்டிங்ட்.’

இப்போது டோடோ மாதிரியான பறவைகள் அழிந்தன என்று வாக்கியம் தன் எல்லைக்குள் நிற்கிறது. மைனாவும் கொண்டைக்குருவியும் பிழைத்துக்கொண்டன. ஒரு சொல்கூட மாறவில்லை. மாறியது இரண்டு கமா.

எடுத்துக்காட்டுக்குக் கமா போடுவது பற்றி நான் சொல்ல வருவது இதைத்தான். ‘சச் அஸ்’-க்கு முன்னால் விழும் கமா மூச்சு விடுவதற்கான இடம் இல்லை. நான் சொல்வது கூட்டம் முழுவதற்கும் பொருந்துமா, இந்த எடுத்துக்காட்டைப் போன்றவற்றுக்கு மட்டுமா என்று அது வாசகருக்குச் சொல்லிவிடுகிறது. எழுதுபவர் முடிவு செய்யவேண்டிய விஷயம் அது. நிறையப் பேர் அதைக் காதை வைத்து முடிவு செய்கிறார்கள். படிக்கும்போது நின்றால் கமா, நிற்காவிட்டால் இல்லை என்று. காது இதில் துணைக்கு வராது.

நான் பகலில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். தமிழ்நாட்டிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து, ரோஸ் ஹில்லில் குடியிருக்கிறேன். மாலையில் என் நாத்தனார் மகளும் அவள் தோழிகளும் ஜெனரல் பேப்பர் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். எச்.எஸ்.சி. எழுதும் பிள்ளைகள். கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம். 600 முதல் 700 சொற்களுக்குள் ஒரு கட்டுரை, ஒன்றேகால் மணி நேரம். அந்தத் தாளில் பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் மதிப்பெண் ஏறாது. சொல்லும் ஒவ்வொரு கருத்துக்கும் சான்று வேண்டும், அதிலும் சொந்த நாட்டிலிருந்து எடுத்த சான்று என்றால் கட்டுரை நிமிர்ந்து நிற்கும். அதனால் அந்தப் பிள்ளைகளின் தாளில் பத்திக்கு இரண்டு மூன்று ‘ஃபார் எக்ஸாம்பிள்’, ‘சச் அஸ்’ இருக்கும். சிக்கலும் அங்கேயேதான் இருக்கும்.

நாத்தனார் மகள் ஒருநாள் கேட்டாள்: “மாமி, கமா போட்டா என்ன, போடாட்டா என்ன? படிக்கிறவங்களுக்குத்தான் புரிஞ்சிடுமே?”

டோடோ விஷயத்தில் புரிந்துவிடும்தான். எல்லாப் பறவையும் அழிந்துவிட்டது என்று யாரும் நம்பப் போவதில்லை. ஆனால் வாசகருக்கு முன்பே தெரிந்த விஷயத்தில்தான் அந்தச் சலுகை கிடைக்கும். தெரியாத விஷயத்தில் அவருக்கு வாக்கியத்தைத் தவிர வேறு துணை இல்லை.

அவளுக்கு ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தேன். எடுத்துக்காட்டை விரலால் மறைத்துக்கொள். ‘சச் அஸ்’ தொடங்கி எடுத்துக்காட்டு முடியும் வரை மறைக்கவேண்டும். மீதி இருப்பதைப் படி. அது உண்மையாக நிற்கிறதா? நின்றால் கமா போடு, இரண்டு பக்கமும். நிற்காவிட்டால் கமாவே வேண்டாம்.

டோடோ வாக்கியத்தில் மறைத்தால் ‘பர்ட்ஸ் பிகேம் எக்ஸ்டிங்ட்’ என்று மிஞ்சுகிறது. பொய். எனவே கமா கிடையாது. இன்னொன்றைப் பாருங்கள்:

‘என்டமிக் பர்ட்ஸ், சச் அஸ் த பிங்க் பிஜன் அண்ட் த மொரீஷியஸ் கெஸ்ட்ரல், ஆர் ஃபவுண்ட் நோவேர் எல்ஸ்.’

ஓரிடத்துக்கே உரிய பறவைகள் வேறெங்கும் கிடையாது. இளஞ்சிவப்புப் புறாவும் மொரீஷியஸ் கெஸ்ட்ரல் என்ற சிறு வல்லூறும் அதற்குச் சான்று. இரண்டு பெயரையும் மறைத்துவிட்டுப் படித்தாலும் சேதி உண்மைதான், ஏனென்றால் ஓரிடத்துக்கே உரியது என்றாலே வேறெங்கும் இல்லை என்றுதானே பொருள். இங்கே எடுத்துக்காட்டு கூடுதல் உபகாரம். கமா போடவேண்டும்.

புயலை வைத்து இன்னொரு ஜோடி. 1960-இல் கரோல், 1975-இல் ஜெர்வேஸ். இந்த இரண்டு பெயரும் இங்குள்ள பெரியவர்கள் வாயில் இன்னும் வருபவை. கரோல் அடித்த பிறகுதான் மரவீடும் தகரக்கூரையும் போய்க் கான்கிரீட் வீடுகள் பெருகின. ‘சைக்ளோன்ஸ் சச் அஸ் கரோல் சேஞ்ச்ட் த வே வி பில்ட்’ என்று எழுதினால் கமா கூடாது. எல்லாப் புயலும் நம் வீடு கட்டும் முறையை மாற்றிவிடவில்லை, கரோல் அளவுக்குப் பெரியவைதான் மாற்றின. ‘சைக்ளோன்ஸ், சச் அஸ் கரோல் அண்ட் ஜெர்வேஸ், ஃபார்ம் ஓவர் வார்ம் சீஸ்’ என்றால் கமா வேண்டும். வெதுவெதுப்பான கடல்மேல் உருவாவது இந்த வகைப் புயல்கள் எல்லாவற்றுக்கும் பொது. ஒரே கரோல், ஒரே ‘சச் அஸ்’. என்ன சொல்ல வருகிறோம் என்பதைப் பொறுத்துக் கமா வருகிறது, போகிறது. ‘சச் அஸ்’-க்கு முன்னால் எப்போதும் கமா போடு என்று சொல்லிக்கொடுப்பவர்களும் உண்டு, எப்போதும் போடாதே என்பவர்களும் உண்டு. இரண்டு பேச்சையும் கேட்கவேண்டாம்.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இது ஏன் கடினமாக இருக்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. நாம் எடுத்துக்காட்டை முன்னால் வைக்கிறோம். டோடோ போன்ற பறவைகள், கரோல் போன்ற புயல்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் அந்தச் சேர்க்கைக்கு நடுவே கமா போட இடமே இல்லை. அது கூட்டத்தைக் குறுக்குகிறதா, சும்மா சான்று காட்டுகிறதா என்பதைச் சூழலை வைத்துப் புரிந்துகொள்கிறோம். ‘மழையில் நனைந்த பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள்’ என்றால் எல்லாப் பிள்ளைகளுமா, நனைந்தவர்கள் மட்டுமா? தமிழ் வாக்கியத்தில் அதற்குக் குறி கிடையாது, சூழல்தான் சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் எடுத்துக்காட்டு பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வருகிறது. பின்னால் வருவதைப் பெயரோடு ஒட்டலாம், அல்லது கமா போட்டுச் சற்றுத் தள்ளி வைக்கலாம். அந்த இரண்டு வாய்ப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் நமக்குத் தமிழிலிருந்து வருவதில்லை. புதிதாகத்தான் கற்கவேண்டும்.

அதோடு நிறுத்தக்குறிகளே நமக்குப் பிற்காலத்தில் வந்தவை. ஓலைச்சுவடியில் கமாவும் இல்லை, கேள்விக்குறியும் இல்லை. அச்சு வந்த பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆறுமுக நாவலர் போன்றவர்கள் உரைநடையில் குறிகளை முறையாகப் போட்டு அச்சிட்டுப் பழக்கினார்கள். இன்றும் தமிழில் கமா பெரும்பாலும் வாசிப்பவரின் வசதிக்காக வருகிறது. ‘உதாரணமாக’ என்று தொடங்கும் வாக்கியத்தில் அதற்குப் பிறகு ஒரு காற்புள்ளி போட்டாலும் சரி, விட்டாலும் சரி, பொருள் குலையாது. அந்தத் தாராளத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் அங்கே செல்லாது.

இந்தத் தீவில் இன்னொரு மொழியும் நடுவில் வருகிறது. 1810-இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து தீவைப் பிடித்தார்கள். ஆனால் பிரெஞ்சு மொழியும் சட்டமும் போகவில்லை. இன்றும் நாடாளுமன்றத்தின் அதிகாரப்பூர்வ மொழி ஆங்கிலம், உறுப்பினர் விரும்பினால் பிரெஞ்சிலும் பேசலாம் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. பிள்ளைகள் வீட்டில் பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழி பேசுகிறார்கள், செய்தித்தாளைப் பிரெஞ்சில் படிக்கிறார்கள், தேர்வை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள், எங்களைப் போன்ற குடும்பங்களில் கோவிலிலும் வகுப்பிலும் தமிழ். நான்கு மொழி ஒரு தலைக்குள் இருப்பது பெரிய செல்வம். ஆனால் குறிகள் மொழிக்கு மொழி தாவும். பிரெஞ்சில் ‘பார் எக்ஸாம்ப்ள்’ என்று எழுதி முக்காற்புள்ளி வைத்துப் பட்டியலைத் தொடங்குவது சகஜம். ‘சச் அஸ்’-க்குப் பிரெஞ்சில் இணையான ‘தெல் க’ என்பதற்குப் பின்னாலும் அப்படிச் செய்வார்கள். அதே கையோடு ஆங்கிலத்தில் ‘சச் அஸ்:’ என்று இரண்டு புள்ளி வைத்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘எ.கா:’ என்று படித்து வளர்ந்த எங்களுக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

‘சச் அஸ்’-க்குப் பின்னால் எந்தக் குறியும் வராது. கமாவும் வராது, முக்காற்புள்ளியும் வராது. ‘ஃப்ரூட்ஸ் சச் அஸ், லிச்சீஸ் அண்ட் மேங்கோஸ்’ என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். சொல்லும்போது அங்கே ஒரு நொடி நிற்பதுதான் காரணம். நிற்கட்டும், கமா மட்டும் வேண்டாம். கடைசியில் ‘எட்செட்ரா’வும் வேண்டாம். ‘சச் அஸ்’ என்றாலே இன்னும் இருக்கிறது என்றுதான் பொருள்.

கமா ஜோடி பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் திருத்தும் தாள்களில் அதிகம் கண்ணில் படும் குறை அதுதான். முன்னால் கமா போட்டுத் திறப்பார்கள், பின்னால் மூட மறந்துவிடுவார்கள். ‘என்டமிக் பர்ட்ஸ், சச் அஸ் த பிங்க் பிஜன் அண்ட் த மொரீஷியஸ் கெஸ்ட்ரல் ஆர் ஃபவுண்ட் நோவேர் எல்ஸ்.’ இதில் எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ஒற்றைக் கமா குறுக்கே நிற்கிறது. காவடியில் ஒரு பக்கம் மட்டும் பால்சொம்பைக் கட்டித் தோளில் தூக்கினால் எப்படி இருக்கும்? அப்படிச் சாய்கிறது வாக்கியம். எடுத்துக்காட்டு வாக்கியத்தின் கடைசியில் வந்தால் முற்றுப்புள்ளியே மூடிவிடும், நடுவில் வந்தால் நாம்தான் மூடவேண்டும். எடுத்துக்காட்டு நீளமாகப் போகப் போக இரண்டாவது கமா மறந்துபோகும். அதனால் பிள்ளைகளிடம் எழுதி முடித்ததும் கமாவை மட்டும் தேடிக்கொண்டு ஒருமுறை தாளைப் பார்க்கச் சொல்கிறேன்.

காவடி என்றதும் ஒரு கோவில் அறிவிப்பு நினைவுக்கு வருகிறது. தைப்பூசக் காவடி இங்கே பொது விடுமுறை. கொடியேற்றியதிலிருந்து பத்து நாள் விரதம், அன்றைக்கு ஆற்றங்கரையில் பூசை முடித்துக் காவடியைத் தூக்கிக் கோவில் வரை நடை, அப்புறம் வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு. பிரான்ஸிலிருந்தும் பக்கத்துத் தீவான ரியூனியனிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்து சேருவார்கள். அவர்களில் இளசுகளுக்குத் தமிழ் படிக்க வராது, அதனால் அறிவிப்பு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் போகும். ஒரு வருடம் ஆங்கில அறிவிப்பைப் பார்த்துத் தரச்சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். அதில் ஒரு வரி:

‘டிவோட்டீஸ், சச் அஸ் த எல்டர்லி அண்ட் சில்ட்ரன், மே கம் டைரக்ட்லி டு த கோவில்.’

அவர்கள் சொல்ல நினைத்தது: ஆற்றங்கரையிலிருந்து நடக்க முடியாத வயதானவர்களும் குழந்தைகளும் நேராகக் கோவிலுக்கே வந்துவிடலாம். எழுதியிருப்பது: பக்தர்கள் யாராக இருந்தாலும் நேராகக் கோவிலுக்கு வந்துவிடலாம். விரலால் மறைத்துப் பார்த்தால் ‘டிவோட்டீஸ் மே கம் டைரக்ட்லி டு த கோவில்’ என்றுதான் மிஞ்சுகிறது. முதல் தடவை பாரிஸிலிருந்து வரும் ஒரு பையன் அதை அப்படியே எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைப் பூசையைத் தவறவிட்டால் அவன்மேல் என்ன குற்றம்?

கமா இரண்டையும் எடுத்தால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். எடுத்தால் ‘வயதானவர்கள், குழந்தைகள் போன்ற பக்தர்கள்’ என்று குறுகும். இலக்கணம் சரியாகிவிடும், ஆனால் அறிவிப்புக்கு அது போதாது. முழங்கால் வலி உள்ள நாற்பது வயதுக்காரர் ‘போன்ற’ என்பதற்குள் வருவாரா? மாசமாக இருக்கும் பெண்? விதி சொல்லும் இடத்தில் எடுத்துக்காட்டு கொடுத்தால் எல்லை எது என்று வாசகர்தான் ஊகிக்கவேண்டும். கட்டுரையில் அது நல்லது, அறிவிப்பில் தொல்லை. அங்கே யார் யார் என்று பெயர் சொல்லிவிடுவதே மரியாதை. ‘எனிஒன் ஹூ கேனாட் வாக் ஃப்ரம் த ரிவர் மே கம் டைரக்ட்லி டு த கோவில்’ என்று மாற்றினேன். நடக்க முடியாத யாரும் என்று ஆகிவிட்டது. கமாவே தேவைப்படவில்லை. குழுவில் இருந்த பெரியவர் படித்துப் பார்த்து, “இதுதாம்மா நாங்க சொல்ல நெனச்சது” என்றார்.

சரி, ‘ஃபார் எக்ஸாம்பிள்’-க்கு வருவோம். இதன் குணம் வேறு. ‘சச் அஸ்’ பெயர்ச்சொல்லோடு ஒட்டியும் நிற்கும், தள்ளியும் நிற்கும். ‘ஃபார் எக்ஸாம்பிள்’ எப்போதும் தள்ளித்தான் நிற்கும். எனவே வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் பின்னால் ஒரு கமா, நடுவில் வந்தால் இரண்டு பக்கமும் கமா, கடைசியில் வந்தால் முன்னால் ஒரு கமா. இதில் யோசிக்க அதிகம் இல்லை, கைப்பழக்கம் வந்தால் போதும். ‘ஃபார் இன்ஸ்டன்ஸ்’-க்கும் இதே கணக்கு.

இதிலுள்ள பொறி வேறு இடத்தில் இருக்கிறது. ‘ஃபார் எக்ஸாம்பிள்’-க்குப் பின்னால் வருவது ஒரு சொல்லா, முழு வாக்கியமா என்று பார்க்கவேண்டும்.

‘மெனி க்ராப்ஸ் ஆர் க்ரோன் ஹியர், ஃபார் எக்ஸாம்பிள், டீ இஸ் க்ரோன் அட் புவா ஷெரி.’

இங்கே பல பயிர்கள் விளைகின்றன என்பது ஒரு முழு வாக்கியம். புவா ஷெரியில் தேயிலை விளைகிறது என்பது இன்னொரு முழு வாக்கியம். எழுவாய், வினை இரண்டிலும் இருக்கிறது. இரண்டு முழு வாக்கியத்தைக் கமாவால் மட்டும் சேர்த்துக்கட்ட ஆங்கிலம் ஒப்புக்கொள்ளாது. பிரெஞ்சு இதில் கொஞ்சம் இளக்கம், இப்போதைய தமிழும் இளக்கம்தான். கமா போட்டுக்கொண்டே நான்கு வினைமுற்றை வரிசையாக அடுக்குகிறோம், யாரும் கேட்பதில்லை. ஆங்கில ஆசிரியர் கேட்பார். தீர்வு எளிது. ‘ஃபார் எக்ஸாம்பிள்’-க்கு முன்னால் முற்றுப்புள்ளி வையுங்கள், அல்லது அரைப்புள்ளி. பின்னால் கமா. ‘மெனி க்ராப்ஸ் ஆர் க்ரோன் ஹியர். ஃபார் எக்ஸாம்பிள், டீ இஸ் க்ரோன் அட் புவா ஷெரி.’ பின்னால் வருவது வெறும் பெயராக இருந்தால் கமாவே போதும்: ‘மெனி க்ராப்ஸ் ஆர் க்ரோன் ஹியர், ஃபார் எக்ஸாம்பிள், டீ அண்ட் பைனாப்பிள்.’

நடுவில் வரும் ‘ஃபார் எக்ஸாம்பிள்’ மேல் எனக்குத் தனிப் பிரியம். பிள்ளைகள் அதைத் தொடுவதே இல்லை. எல்லாரும் வாக்கியத்தை ‘ஃபார் எக்ஸாம்பிள்’ என்றுதான் தொடங்குகிறார்கள், பத்திக்கு மூன்று முறை. அதையே எழுவாய்க்குப் பின்னால் நகர்த்திப் பாருங்கள்:

‘த மொரீஷியஸ் கெஸ்ட்ரல், ஃபார் எக்ஸாம்பிள், வாஸ் டவுன் டு ஃபோர் நோன் பர்ட்ஸ் இன் த வைல்ட் இன் 1974.’

வாக்கியம் கெஸ்ட்ரலோடு தொடங்குகிறது. படிப்பவர் கண்ணில் முதலில் பறவைதான் படுகிறது. ‘எடுத்துக்காட்டாக’ என்ற அறிவிப்பு குரலைத் தாழ்த்திக்கொண்டு பின்னால் வருகிறது. 1974-இல் காட்டில் இருந்ததாக அறியப்பட்டவை வெறும் நான்கு என்ற செய்திக்கு அந்த இடம் பொருந்துகிறது. கட்டுரையின் பலமே அந்த எண்தான், அதை வாக்கியத்தின் கடைசியில் இறக்குகிறோம். இரண்டு கமாவும் இருந்தால்தான் இது நடக்கும். ஒன்றை விட்டாலும் கெஸ்ட்ரலும் எக்ஸாம்பிளும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். அந்த நான்கிலிருந்து பாதுகாத்து, முட்டையை எடுத்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்துக் காட்டில் விட்டு, அந்த இனத்தைக் காப்பாற்றினார்கள் என்பது இந்தத் தீவின் பெருமைகளில் ஒன்று. ஜெனரல் பேப்பரில் சுற்றுச்சூழல் கேள்வி வந்தால் டோடோவை விட்டுவிட்டு இதை எழுதுங்கள் என்று நான் சொல்வேன். டோடோவை எல்லாரும் எழுதுவார்கள்.

‘ஈ.ஜி.’ என்ற சுருக்கம் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. அதற்குப் பின்னால் கமா போடுவது அமெரிக்கப் பழக்கம். அங்கே பலர் பின்பற்றும் சிகாகோ நடைமுறை நூல் அப்படித்தான் சொல்கிறது. பிரிட்டிஷ் பழக்கத்தில் பெரும்பாலும் போடுவதில்லை, சில செய்தித்தாள்கள் புள்ளியைக்கூட எடுத்துவிட்டன. இங்கே நாம் பிரிட்டிஷ் ஆங்கிலம் எழுதுவதால் கமா வேண்டாம். கணினியில் மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் அடிக்கோடு வரலாம். மொழி அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது அந்தக் கோட்டைப் பொருட்படுத்தாதீர்கள். கட்டுரையில் சுருக்கமே வேண்டாம், முழுதாக எழுதுவது நல்லது.

‘இன்க்ளூடிங்’ பெரும்பாலும் கமாவோடு வரும், ஏனென்றால் அது ஏற்கனவே சொல்லிவிட்ட கூட்டத்துக்குள்ளிருந்து சிலரைச் சுட்டிக்காட்டுகிறது. ‘த ஹோல் ஃபேமிலி ஃபாஸ்ட்ஸ், இன்க்ளூடிங் த சில்ட்ரன்.’ குடும்பமே விரதம், பிள்ளைகளும்கூட.

‘நேம்லி’ எடுத்துக்காட்டே இல்லை. அது முழுப் பட்டியல். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட நான் ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைப்பேன். மொரீஷியஸ் நோட்டில் ஆங்கிலம், தமிழ், இந்தி, இந்த மூன்று மொழியில் மதிப்பு எழுதியிருக்கும். ‘அவர் நோட்ஸ் கேரி த்ரீ லாங்வேஜஸ், நேம்லி இங்கிலிஷ், தமிழ் அண்ட் ஹிந்தி.’ இங்கே ‘சச் அஸ்’ போட்டால் தப்பு. மூன்று என்று சொல்லிவிட்டு மூன்றையும் சொல்லியாயிற்று, இன்னும் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ‘அதாவது’ என்று பொருள்படும் ‘ஐ.ஈ.’ போடவேண்டிய இடத்தில், ‘எடுத்துக்காட்டாக’ என்று பொருள்படும் ‘ஈ.ஜி.’ போடுவதும் இதே குறைதான்.

அந்த நோட்டுக்கு ஒரு கதை உண்டு. 1998-இல் புதிதாக வந்த நோட்டுகளில் தமிழுக்கு முன்னால் இந்தியை வைத்து அச்சிட்டிருந்தார்கள். தமிழர்கள் கொதித்துப்போனார்கள். மத்திய வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழையபடி ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசையில் மறுபடி அச்சிட்டது. சொற்கள் அவையேதான், எது எங்கே நிற்கிறது என்பதுதான் மாறியிருந்தது. கமாவைப் பெரிதுபடுத்துகிறாயே என்று என்னிடம் கேட்பவர்கள் இங்கே குறைவு.

கடைசியாக, சோதனை பதில் சொல்லாத இடங்கள். விரலால் மறைத்துப் பார்த்தாலும் உண்மையா பொய்யா என்று சட்டென்று சொல்ல முடியாத வாக்கியங்கள் உண்டு. அங்கே இலக்கணப் புத்தகத்தைப் புரட்டிப் பயனில்லை. எழுதுபவருக்கு விஷயம் தெரிந்திருக்கவேண்டும். போன வாரம் நாத்தனார் மகள் எழுதிய கட்டுரையில் இப்படி ஒன்று இருந்தது:

‘தமிழ் ஃபெஸ்டிவல்ஸ், சச் அஸ் காவடி, டிரா பீப்பிள் ஆஃப் எவ்ரி ஃபெய்த்.’

தமிழர் விழாக்கள், காவடியைப் போல, எல்லா மதத்தவரையும் ஈர்க்கின்றன. கமாவோடு படித்தால் தமிழர் விழா எல்லாவற்றுக்கும் எல்லாரும் வருகிறார்கள் என்று ஆகிறது. கமா இல்லாவிட்டால் காவடி மாதிரியான விழாக்களுக்கு மட்டும். எது சரி? நான் சொல்லவில்லை. “நம்ம வீட்டுல என்னென்ன நடக்குது, யார் யார் வர்றாங்க, யோசி” என்றேன்.

அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். காவடிக்குச் சீனக் குடும்பங்களும் கிரியோல் குடும்பங்களும் வந்து நின்று பார்க்கும், சிலர் நேர்ந்துகொண்டு காவடியே எடுப்பார்கள். தீமிதிக்கும் வெளியாட்கள் வருவார்கள். புரட்டாசியில் கோவிந்தன் விரதம் வீட்டோடு முடிந்துவிடும், அக்கம்பக்கத்தில் கூப்பிட்டால் வந்து சாப்பிட்டுப் போவார்கள். வருஷப்பிறப்புக்குப் பெரும்பாலும் நம் ஆட்கள்தான். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு கமாவையும் அடித்தாள். ‘காவடி’க்குப் பக்கத்தில் ‘அண்ட் தீமிதி’ என்று சேர்த்தாள்.